பந்துக்கு எத்தனை வால்?

வீட்டுத் திரை: கேள்வி பதில்
(பதில் சொல்பவர் மார்த்தாண்டம் பக்கம் 20 வருடத்துக்கு மேல் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். இப்போது வீடுகளில் புரொஜக்டர் மாட்டிக் கொடுக்கிறார்.)

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஊரில் கால்பந்து ஆடாத வீடு கிடையாது. மழை நாளில் மாடி அறையில் பிஎஸ்5 வீடியோ கேம் மெஷினில் கால்பந்து போட்டு நாலு பேர் ஆடுவோம். மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த எல்சிடி புரொஜக்டர், சுவரில் 120 அங்குலப் படம். பந்தை உதைத்தால் அதற்கு வால் முளைக்கிறது. கேமரா திரும்பும்போது சட்டை நம்பர் தெரிவதில்லை. கடையில் கேட்டதற்கு மெனுவில் ‘ஃப்ரேம் இன்டர்போலேஷன்’ என்பதை ‘ஹை’யில் வைக்கச் சொன்னார்கள். வைத்ததும் படம் வழுவழுவென்று ஓடுகிறது. ஆனால் பட்டனை அமுக்கி ஒரு மூச்சு விட்டபிறகுதான் ஆள் உதைக்கிறான். தோற்றவன் எல்லாம் புரொஜக்டரைத்தான் திட்டுகிறான். விற்றுவிட்டு டிஎல்பி வகைப் புரொஜக்டர் வாங்கட்டுமா?
– ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: பொறு மக்கா, விற்கிற பேச்சு கடைசியில். பந்துக்கு இருப்பது ஒரு வால் இல்லை, மூன்று நான்கு வால். எந்த வால் யாருடையது என்று தெரியாமல் புது மெஷின் வாங்கினால் பழைய வாலும் கூடவே வரும்.

முதல் சோலி, ஆட்டத்தை நடுவில் பாஸ் போடு. நின்ற படத்தில் சட்டை நம்பர் பளிச்சென்று தெரிகிறதா? தெரிந்தால் குற்றம் அசைவில்தான். நின்ற படமே மங்கல் என்றால் ஃபோகஸ், லென்ஸ், கீஸ்டோன் (கோணலான படத்தை மெனுவில் நேராக்கும் வசதி) இவற்றில் ஒன்று. கருங்கல் ஊரில் ஒரு வீட்டில் இப்படித்தான் ‘மோஷன் பிளர், மோஷன் பிளர்’ (அசைவில் வரும் மங்கல்) என்று பையன் ஒரு வாரமாகப் போன் மேல் போன். போய்ப் பாஸ் போட்டுப் பார்த்தேன், நின்ற பந்துக்கும் புகை. லென்ஸில் டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. இடவப்பாதி மழை தொடங்கியதும் தூசி படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், ஈரத்தையும் சேர்த்து. நீ கடற்கரையில் இருக்கிறாய், உனக்கு ஈரத்தோடு உப்புக்காற்றும் உண்டு. பிளாஸ்டிக் வேண்டாம், பருத்தித் துணி போதும். வாரத்தில் இரண்டு நாளாவது ஓட விடு, அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

சரி, நின்ற படம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஆட்டத்தின் செட்டிங்ஸ். நிறைய ஆட்டங்களில் ‘மோஷன் பிளர்’ என்றே ஒரு வரி இருக்கும். சினிமா மாதிரி தெரியட்டும் என்று வேகமாகப் போகும் பொருளை ஆட்டத்தை உருவாக்கியவர்களே தீற்றிவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே தீற்றி அனுப்பிய படத்தை எந்தப் புரொஜக்டராலும் திருத்த முடியாது. அந்த வரி இருந்தால் அணைத்துவிடு. காசு செலவில்லாத வேலை, பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

இப்போது கடையில் சொன்ன யோசனை. சீரியல் பார்க்கிற வீட்டுக்கு அது சரி, ஆட்டக்காரனுக்கு ஆகாது. இன்டர்போலேஷன் என்றால் இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத ஒரு படத்தை மெஷின் தானே கற்பனை செய்து செருகுவது. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த படம் கைக்கு வந்திருக்க வேண்டும் இல்லையா? அதனால் வந்த படத்தைக் காட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படத்தில், ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்டு. அதற்குமேல் கணக்குப் போடும் நேரம் வேறு. எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு நொடி வரைகூடப் போகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பெனால்டி, பத்தில் ஒரு நொடியில் இரண்டரை மீட்டர் போய்விடும். உன் கோலி பாய்வதற்குள் பந்து வலையில் கிடப்பது ஏன் என்று புரிகிறதா? தோற்றவன் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே அதை ‘ஆஃப்’. கலர் மோடில் ‘கேம்’ இருந்தால் அதில் வை. சில எப்சன் மாடல்களில் ‘இமேஜ் ப்ராசஸிங்’ என்று ஒரு வரி, அதில் ‘ஃபைன்’, ‘ஃபாஸ்ட்’ என்று இரண்டு இருக்கும், ஆட்டத்துக்கு ஃபாஸ்ட். நாய்ஸ் ரிடக்‌ஷன், ஷார்ப்னஸ் கூட்டுகிற வித்தைகள் எல்லாவற்றையும் இறக்கு. கீஸ்டோனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, புரொஜக்டரையே தூக்கி, நகர்த்தி, ஆணி மாற்றி அடித்துப் படத்தைக் கோணல் இல்லாமல் ஆக்கு. கீஸ்டோன் என்பது படத்தைக் கம்ப்யூட்டரில் நசுக்குவது. நசுக்கின இடத்தில் நம்பர் மங்கும், சில மெஷின்களில் தாமதமும் கூடும்.

இவ்வளவும் செய்தபிறகும் மிச்சம் இருக்கும் வால்தான் புரொஜக்டரின் சொந்த வால். அதிலும் இரண்டு வகை.

ஒன்று எல்சிடியின் சோம்பல். திரவப் படிகம் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் திரும்ப சில மில்லி செகண்டு எடுக்கும். அதற்குள் அடுத்த படம் வந்துவிடும், பழைய படத்தின் நிழல் இன்னும் போயிருக்காது. பந்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு பேய் வருகிறதே, அது இதுதான். நீ கேட்கிற டிஎல்பியில் இந்தப் பேய் கிடையாது. அது 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய சில்லு. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கண்ணாடிகள் லட்சக்கணக்கில் அதில் இருக்கும், ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மைக்ரோ செகண்டு கணக்கில் சாயும். எல்சிடி கட்டை வண்டி என்றால் இது மின்னல்.

ஆனால் இரண்டாவது வகை வால் டிஎல்பிக்கும் உண்டு. கணக்கைப் பார். பந்து திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு இரண்டு நொடியில் போகிறது என்று வை. திரை 1920 புள்ளி (பிக்சல்) அகலம். நொடிக்கு 960 புள்ளி. 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் 16 புள்ளி தாவுகிறது. உன் 120 அங்குலச் சுவரில் 16 புள்ளி என்பது ஏறக்குறைய 2.2 சென்டிமீட்டர். படம் ஒரே இடத்தில் நிற்கும்போது கண் மட்டும் பந்தோடு ஓடுவதால், அந்த 2.2 சென்டிமீட்டரும் கண்ணில் தீற்றலாக விழும். டிவி கோணத்தில் பார்த்தால் பந்தே அவ்வளவு அளவுதான் இருக்கும்! போதாததற்கு ஒற்றைச் சில்லு டிஎல்பியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். கண்ணை வேகமாகத் திருப்பினால் வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில் வானவில் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலர் பத்து நிமிடம் உட்கார மாட்டார்கள். வாங்குமுன் நாலு பேரும் போய்க் கடையில் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தீற்றலைக் குறைக்க வழி இரண்டே. ஒன்று, ஹெர்ட்ஸைக் கூட்டுவது. 120 ஆக்கினால் 16 புள்ளி 8 ஆகும். அதற்குப் புரொஜக்டர், பிஎஸ்5, ஆட்டம் மூன்றும் 120க்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் 60இல்தான் ஓடும் என்றால் 120 ஹெர்ட்ஸில் போட்டாலும் ஒரே படம் இரண்டு தடவை வரும், வால் அப்படியே இருக்கும். இன்னொன்று, நடுவில் இருட்டைச் செருகுவது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் நான் சொல்லும் மருந்து யாருக்கும் பிடிக்காது: படத்தைச் சின்னதாக்கு. 120 அங்குலம் எதற்கு? 90க்கு இறக்கி, உட்காரும் இடத்தை மாற்றாமல் பார். அந்த 2.2 சென்டிமீட்டர் 1.7க்குக் கீழே வரும், கண் ஓட வேண்டிய தூரமும் குறையும். அதே வெளிச்சம் சின்ன இடத்தில் விழுவதால் படம் முக்கால் பங்கு கூடுதல் பிரகாசமாகவும் ஆகும். கல்யாண வீட்டுத் திரை மாதிரி சுவர் முழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டு மங்கல் மங்கல் என்று வெப்ராளப்படுகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

தாமதத்தை அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. போனில் ஸ்லோ மோஷன் 240 ஃப்ரேமில் வைத்து, கன்ட்ரோலர் பட்டனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடி. விரல் அமுங்கியதிலிருந்து ஆள் அசையும்வரை ஃப்ரேம்களை எண்ணு. ஒவ்வொன்றும் 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். இன்டர்போலேஷன் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. ஆட்டத்தின் சொந்தத் தாமதமும் அதில் கலந்திருக்கும், ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள். அந்த வீடியோவைக் கடைக்காரருக்கும் அனுப்பி வை.

கேள்வி: 1970களில் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வெள்ளைத் துணி கட்டி 16 எம்.எம். படம் போடுவார்கள். நொடிக்கு 24 படம்தான் என்று பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். சண்டைக் காட்சியில் கத்தி வீசினாலும் தெளிவாகத்தான் பார்த்த ஞாபகம். இப்போது பேரன் நொடிக்கு 60 படம் ஓட்டுகிறான், அது ஏன் மங்குகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: சார், இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். பதில் ஷட்டரில் இருக்கிறது.

நான் ஓட்டிய தியேட்டர் ஃபிலிம் மெஷினில் ரீல் நிற்காமல் ஓடுவதாகத்தான் வெளியே தெரியும். வெளிச்சம் படத்தில் விழும் ‘கேட்’ என்ற சட்டத்துக்குள் அது விட்டு விட்டு நகரும். மால்டீஸ் கிராஸ் என்று ஒரு சிலுவைச் சக்கரம், ஒரு படத்தை இழுத்து நிறுத்தும், பிறகு அடுத்ததை இழுக்கும். இழுக்கிற நேரத்தில் வெளிச்சம் வெளியே போகக் கூடாது என்பதற்காகத்தான் ஷட்டர், விசிறி மாதிரி சுற்றுகிற தகடு. ஷட்டர் இம்மி தப்பினாலும் டைட்டில் எழுத்துக்கு மேலோ கீழோ வெள்ளையாக ஒரு வால் இழுக்கும். நான் வேலை கற்ற புதிதில் இரண்டாம் ஆட்டத்தில் அப்படி ஆகிவிட்டது. கீழேயிருந்து விசில். மூத்த ஆபரேட்டர் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துத் திருகில் வைத்து, திரையைப் பார்த்தபடியே மெல்லத் திருப்பினார். வால் உள்ளே சுருண்டு எழுத்துக்குள் போய்விட்டது. வால் என்றாலே எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும்.

அந்த ஷட்டருக்கு இரண்டு இறக்கை. ஒன்று படம் நகரும்போது மறைக்கும், இன்னொன்று படம் சும்மா நிற்கும்போதே ஒரு தடவை மறைக்கும். ஆக 24 படம், 48 மின்னல். நடுவில் எல்லாம் இருட்டு. டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவர் ஏறக்குறைய பாதி நேரம் இருட்டைத்தான் பார்த்தார் என்றால் நம்ப மாட்டார்கள். அந்த இருட்டில்தான் கண் அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. பேரனின் புரொஜக்டரில் இருட்டே கிடையாது. ஒரு படம் வந்தால் அடுத்தது வரும்வரை எரிந்துகொண்டே நிற்கும். கண் பந்தோடு வழுக்கிக்கொண்டு போகிறது, படம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஈரப் பெயிண்ட்டில் விரல் இழுத்த மாதிரி ஆகிறது.

அதற்காக அன்று எல்லாம் தெளிவாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன் சார். ஒரே படத்தை இரண்டு தடவை காட்டியதால் ஓடும் பொருளுக்கு இரட்டை ஓரம் தெரியும். கேமராவே ஒவ்வொரு படத்தையும் பொதுவாக 48இல் ஒரு நொடி திறந்து வைத்து எடுக்கும், ஆகவே வீசிய கத்தி ஃபிலிமிலேயே தீற்றலாகத்தான் இருக்கும். கேமராவைச் சட்டென்று திருப்பினால் கோடு கோடாகத் தெரியும் என்று கேமராமேன்களுக்குத் தெரியும், பார்த்துத்தான் திருப்புவார்கள். உங்கள் பேரன் கன்ட்ரோலரைச் சுழற்றுகிற வேகத்துக்கு அவர்கள் யாரும் திருப்பியதில்லை.

அந்தப் பழைய இருட்டைத்தான் இப்போது ‘பிளாக் ஃப்ரேம் இன்சர்ஷன்’ என்ற பெயரில் சில புரொஜக்டர்களில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாதி நேரம் இருட்டு என்றால் வால் பாதி, வெளிச்சமும் பாதி. 60 ஹெர்ட்ஸில் போட்டால் சிலருக்குப் படபடவென்று துடிப்பது தெரியும், தலைவலியும் வரும். ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டு, படத்தைச் சின்னதாக்கி, வெளிச்சம் கையிருப்பு இருந்தால் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டபிறகு அந்தப் போன் வீடியோ கணக்கையும் ஒரு தடவை எடுக்கட்டும், சில மெஷின்களில் இதற்கும் தாமதம் கூடும்.

கேள்வி: என் புரொஜக்டர் 1080 புள்ளியில் 120 ஹெர்ட்ஸ் வாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. பிஎஸ்5இல் 120 வரவே மாட்டேன் என்கிறது. 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள், சீலிங் வழியாகப் போகிறது.
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் பிஎஸ்5இல் ‘ஸ்க்ரீன் அண்ட் வீடியோ’வுக்குள் ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ பாருங்கள். எதிரே இருக்கும் மெஷின் எதையெல்லாம் வாங்கும் என்று அதுவே எழுதிக் காட்டும். அதில் 120 இருந்தால், 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்டை ‘ஆட்டோமேட்டிக்’கிலும், கேம் பிரீசெட்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ் மோட்’டிலும் வையுங்கள். அதில் இல்லாவிட்டால் நடுவில் எவனோ தடுக்கிறான். ஸ்ப்ளிட்டர், பழைய ஆம்ப்ளிஃபயர் எதுவும் வழியில் இருந்தால் கழற்றிவிட்டு, ஒரு இரண்டு மீட்டர் கேபிளை நேரடியாகச் செருகிப் பாருங்கள். புரொஜக்டரில் இரண்டு சாக்கெட் இருந்தால் அடுத்ததையும்.

இரண்டு மீட்டரில் வந்து 15 மீட்டரில் வராவிட்டால் குற்றவாளி கேபிள்தான். சாதாரணச் செம்புக் கேபிள் அவ்வளவு தூரத்துக்கு வேகமான சிக்னலைத் தாங்குவது சந்தேகம். ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறு முனையில் ‘டிஸ்ப்ளே’ என்று அச்சடித்திருக்கும். குலசேகரத்தில் ஒரு வீட்டில் நானே தலைகீழாக இழுத்துவிட்டேன். ஜிப்சம் சீலிங் மூடி, பெயிண்டும் அடித்தாயிற்று. படம் வரவில்லை. வீட்டுக்காரர் ரப்பர் பால் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று டவுன்லைட் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பார்த்தபோது ஏணியில் என் கால் மட்டும்தான் தெரிந்ததாம். இழுக்கும் முன்னால் தரையில் போட்டு ஒரு தடவை சோதியுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன் ஆன்லைனில் சின்ன எல்இடி புரொஜக்டர் வாங்கினான். பெட்டியில் 4கே என்று இருக்கிறது. கார் ஓட்டும் ஆட்டத்தில் எல்லாம் சாயம் போன மாதிரி இழுக்கிறது. போனிலிருந்து வைஃபையில் அனுப்பித்தான் ஆடுகிறான். செட்டிங்ஸ் மாற்றினால் சரியாகுமா?
– ஒரு தாய், திங்கள்சந்தை

பதில்: ஆகாதம்மா. பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ என்று இருக்கும், பாருங்கள். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம், 4கேயாகக் காட்டும் என்று அல்ல. ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரியைத் தேடினால் பலதிலும் 1280 × 720, சிலதில் 800 × 480 என்றுதான் இருக்கும். இந்த வகையில் பெரும்பாலும் உள்ளே ஒரே ஒரு மலிவான எல்சிடி தகடு. இழுப்பது அந்தத் தகடு, அதற்கு மெனுவில் மருந்து கிடையாது. வைஃபையில் அனுப்புவது வேறு தாமதம், கேபிள் போட்டால் அது மட்டும் தீரும். பையனை ஏசாதீர்கள், அந்த விளம்பரத்தைப் படித்தால் பெரியவர்களும்தான் ஏமாறுகிறார்கள். படம் பார்க்க, கிரிக்கெட் பார்க்க வைத்துக்கொள்ளட்டும். கார் ஓட்டும் ஆட்டத்தை டிவியில் ஆடட்டும், பரீட்சைக்கு அப்புறம்.

கேள்வி: பிஎஸ்4க்கு 240 ஹெர்ட்ஸ் புரொஜக்டர் வாங்கினால் வால் குறையுமா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: பிஎஸ்4 60க்கு மேல் போகாது. அந்தக் காசில் ஜன்னலுக்குத் திரைச்சீலை தையுங்கள்.